கீதாரியின் கணக்கு

ஊரில் என்னை ‘ஆட்டு டாக்டர்’ என்பார்கள். சரி, பாதி உண்மை. நான் ஆட்டுக்கு வைத்தியம் பார்ப்பதில்லை. அதன் ரத்தச் சீரத்தில், நோயை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று எலைசா என்ற சோதனையின் தட்டில் நிறம் பார்க்கிறவள்.

என் ஆராய்ச்சி ஆட்டுக்கொல்லி நோய். இந்தியாவில் இது முதலில் தெரியவந்தது 1987இல், விழுப்புரம் பக்கத்து அரசூரில். அங்கே எடுத்த வைரஸையே வெரோ செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் குரங்குச் சிறுநீரகச் செல்கள்) திரும்பத் திரும்ப வளர்த்து, வீரியம் குறைத்து, ‘அரசூர் 87’ தடுப்பூசி ஆக்கினார்கள். நம் மண்ணின் சரக்கு என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

தொண்டிப் பக்கம் உரத்துக்காக வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்த கீதாரி ஒருவர், ஊர் ஊராய் மந்தை ஓட்டுகிறவர், “குட்டிக்கும் சேத்துப் போட்டுவிடு தாயி” என்றார். மூன்று மாதம் ஆகட்டும் ஐயா என்றேன். சீம்பாலில் வந்த தாயின் எதிர்ப்பொருள் குட்டியின் உடம்பில் இருக்கும்வரை, ஊசியில் போகும் உயிருள்ள வைரஸையும் அது அடக்கிவிடும், ஊசி வீண்.

அவர் சிரித்தார். “மூணு மாசத்துல நான் எங்க, நீ எங்க?”

அதுதான் சிக்கல். 2 முதல் 8 டிகிரியில் ஐஸ்பெட்டியில் மருந்தைக் காப்பாற்றிவிடலாம். கலக்கிய மருந்தை உப்புக்காற்று வெயிலில் சூடேறுமுன் போட்டும் முடித்துவிடலாம். மழை பார்த்து நகரும் கிடைக்கு எந்த அட்டவணை ஒத்துவரும்? இப்போதைக்கு, பிறகு தேடிப் பிடிக்க, அடுத்து கிடை போடப்போகும் வயல்காரரின் போன் நம்பரையும் வாங்கி வைக்கிறேன்.