ஜூன் 24க்குப் பத்து நிமிடம்

சமூக வானொலியில் ‘இந்த நாளில் இசை’ என்ற பத்து நிமிட நிகழ்ச்சி என்றால் புதிதாக வருகிறவர்கள் சுலபமான வேலை என்றுதான் நினைக்கிறார்கள். தேதியைப் போட்டுத் தேடினால் நாற்பது வரி வந்து விழும். வாசித்துவிட்டு நடுவில் இரண்டு பாட்டு போட்டால் முடிந்தது. அப்படித் தயாரித்த நிகழ்ச்சியை, பாம்பனிலோ மண்டபத்திலோ வலையைச் சரிபார்த்துக்கொண்டே கேட்கிறவர் மூன்றாம் நிமிடத்தில் வேறு நிலையத்துக்குப் போய்விடுவார். இந்தக் கரையில் அதற்குப் பஞ்சமில்லை. கொஞ்சம் திருகினால் இலங்கைப் பண்பலைகள் கணீரென்று கேட்கும்.

பத்து நிமிடத்தின் கணக்கு இது. முகப்பு இசை 20 நொடி. முழுதாக ஒரு பாட்டு, சுமார் மூன்றரை நிமிடம். இன்னொரு பாட்டிலிருந்து ஒரு நிமிடம். மீதி ஐந்து நிமிடம் பேச்சு. வானொலியில் தமிழை நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 100 சொல் போகும். ஆக, எழுத்து 500 சொல்லைத் தாண்டக்கூடாது. நாற்பது வரியில் முப்பத்தைந்தை வெட்டித்தான் ஆகவேண்டும். எதை வெட்டுவது என்பதில்தான் வேலையே இருக்கிறது.

ஜூன் 24 இந்த வட்டாரத்துக்கென்றே அமைந்த தேதி. 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14ஓடு முடிகிறது. பத்து நாளில் படகுகள் ஓடத் தொடங்கி, கரையில் காசு புழங்கி, வீடுகளில் கொஞ்சம் சத்தம் திரும்பியிருக்கும். அன்றுதான் கண்ணதாசன் பிறந்த தேதி. எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்த தேதியும் அதுவே. கவிஞர் 1927, வெள்ளிக்கிழமை. மெல்லிசை மன்னர் 1928, ஞாயிற்றுக்கிழமை. நடுவில் பிப்ரவரி 29 வந்ததால் 366 நாள் இடைவெளி.

இதைச் சொல்லும்போதே முதல் சறுக்கல் வரும். ‘இருவரும் ஒரே நாளில் பிறந்தவர்கள்’ என்று வாசித்தால், காதில் மட்டும் வாங்குகிறவர் இரண்டு பேருக்கும் ஒரே வயது என்று எடுத்துக்கொள்வார். ‘ஒரே தேதியில், ஓராண்டு முன்பின்னாக’ என்று எழுதவேண்டும். இன்னொன்று, வாழ்த்து. பட்டியலைப் பார்த்து வாசிக்கிற பழக்கத்தில் ‘இன்று பிறந்த நாள் காணும்’ என்று வாய் தானாகப் போய்விடும். கவிஞர் 1981 அக்டோபர் 17இல் சிகாகோவில் காலமானார். எம்.எஸ்.வி 2015 ஜூலை 14இல். எழுத்துப் பிரதியில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மறைந்த ஆண்டைச் சிவப்பு மையில் போட்டு வைப்பது நல்லது. வாசிக்கிறவருக்கு அது போதும்.

ஊர் விஷயத்திலும் நிதானம் வேண்டும். கண்ணதாசன் பிறந்த சிறுகூடல்பட்டி இன்று சிவகங்கை மாவட்டம். 1985 வரை அது ராமநாதபுரம் மாவட்டம். ‘நம்ம மாவட்டத்துக் கவிஞர்’ என்று சொல்லும் ஆசை எல்லோருக்கும் வரும், சொல்லவும் செய்யலாம். ஆனால் ‘அன்றைய’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால்தான் காரைக்குடிப் பக்கத்துக்காரர்கள் சண்டைக்கு வராமல் இருப்பார்கள். எம்.எஸ்.விக்கு ஊர் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளி. அது அன்று சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம். ‘கேரளாவில் பிறந்தார்’ என்றால் அன்று கேரளம் என்ற மாநிலமே கிடையாது.

பாட்டைத் தேர்வு செய்யும் இடத்தில்தான் பெரிய பள்ளம். கடற்கரை, கண்ணதாசன், எம்.எஸ்.வி என்று மூன்றையும் சேர்த்து நினைத்தால் யாருக்கும் முதலில் ‘படகோட்டி’தான் வரும். ‘தரைமேல் பிறக்க வைத்தான்’ போட்டுவிடலாம் என்று கை போகும். படகோட்டிக்கு இசை விஸ்வநாதன் – ராமமூர்த்தி, சரி. பாட்டெல்லாம் வாலி. கவிஞரின் பிறந்த நாளில் அதை அவர் கணக்கில் எழுதினால் பாட்டு முடிவதற்குள் தொலைபேசி அடிக்கும். அடிப்பவர் அநேகமாக இந்தத் துறையில் எங்களைவிட அதிகம் தெரிந்தவராக இருப்பார்.

அந்தப் பாட்டைப் பற்றி இன்னும் ஒன்று. படம் வந்தது 1964 நவம்பர் 3, தீபாவளிக்கு. சரியாக 49 நாள் கழித்து, டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோயிற்று. மீனவன் கடலில் படும் பாட்டைச் சொல்லும் பாட்டும் அந்தப் புயலும் இந்தக் கரையின் வயதானவர்களுக்கு ஒரே பருவத்து ஞாபகம். எனவே அதை எந்த நாளில் போட்டாலும், கரை திரும்பாத படகு ஏதாவது உண்டா என்று அன்று காலையே விசாரித்துக்கொள்ள வேண்டும். ஒரு படகு வரவில்லை என்றால்கூட அந்தப் பாட்டு அன்று வேண்டாம். இது உரிமத்து விதியில் எழுதியிருக்காது. ஆனாலும் இந்த ஊரில் வேலை செய்கிறவர்களுக்கு இதுதான் முதல் விதி.

ஜூன் 24க்குப் பொருந்துவது ‘அதோ அந்தப் பறவை போல’. 1965இல் வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ படம். எழுதியது கண்ணதாசன், இசை விஸ்வநாதன் – ராமமூர்த்தி இரட்டையர், காட்சி கப்பலும் கடலும். அந்தப் படத்தோடு இரட்டையர் பிரிந்தார்கள். அதனால் அறிவிப்பில் டி.கே.ராமமூர்த்தி பெயர் விட்டுப்போகக் கூடாது. எம்.எஸ்.வி பிறந்த நாள் என்ற வேகத்தில் விட்டுப்போகிற பெயர் அதுதான். ஒரு நிமிடத் துண்டுக்கு ‘கன்னியின் காதலி’யில் வரும் ‘கலங்காதிரு மனமே’. 1949இல் வந்த அதுதான் திரைக்குக் கவிஞரின் முதல் பாட்டு. பழைய பதிவு என்பதால் ஒலி மெலிந்திருக்கும். ஒரு பக்க ஒலிபெருக்கியில் மட்டும் வந்தால் மோனோவாக மாற்றிவிட வேண்டும். நாடாவிலிருந்து எடுத்த பிரதிகளில் வேகமும் பிசகியிருக்கும். ஆறு சதவீதம் கூடினாலே சுருதி அரை ஸ்வரம் ஏறிவிடும், பாடகர் குரல் இயல்பைவிட மெல்லியதாகக் கேட்கும். நம்பகமான வேறொரு பிரதியோடு நிமிடம், நொடியை ஒப்பிட்டால் பிசகு தெரிந்துவிடும்.

இனி, தேதி என்பதையே எவ்வளவு நம்புவது? இணையத்தில் பத்து இடத்தில் இருந்தால் பத்து சாட்சி ஆகாது. ஒன்பது இடம் பத்தாவதைப் பார்த்து எழுதியது. படத்துக்கு, அந்த வாரத்து நாளிதழில் ‘இன்று முதல்’ என்று வந்த விளம்பரம்தான் உறுதியான சாட்சி. தணிக்கைச் சான்றிதழ் தேதி வேறு, திரைக்கு வந்த தேதி வேறு. பாட்டுக்கு இன்னும் சிக்கல், இசைத்தட்டு படத்துக்கு முன்பே கடைக்கு வந்திருக்கும். ‘பாட்டு வெளியான நாள்’ என்று எழுதாமல் ‘படம் வந்த நாள்’ என்று எழுதிவிடுவதே உத்தமம். மறைவுச் செய்தியை நாளிதழிலிருந்து எடுத்தால் ஒரு நாளைக் கழிக்கவேண்டும்.

வெளிநாட்டுத் தேதிக்குக் கடிகாரமும் வேண்டும். மைக்கேல் ஜாக்சன் இறந்தது 2009 ஜூன் 25, லாஸ் ஏஞ்சலீஸில் பிற்பகல் 2.26. இங்கே அப்போது ஜூன் 26, விடியற்காலை 2.56. நிகழ்ச்சியில் நடந்த ஊரின் தேதியைத்தான் வைக்கவேண்டும் என்று ஒரு முறை முடிவு செய்து, பிறகு மாற்றாமல் இருப்பதே வழி. பிறந்த தேதியோ மனிதர்கள் தாங்களே நகர்த்திக்கொள்வது. இளையராஜா பிறந்தது ஜூன் 3. கலைஞரின் பிறந்த நாளும் அதுவே என்பதால் தமக்கு ஜூன் 2ஐ வைத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதியோடு வாழ்ந்தவர்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம்.

ஜூன் 24இல் மேற்கத்திய இசைக்காரர்களும் உண்டு. கிதார் கலைஞர் ஜெஃப் பெக் 1944, டிரம்ஸ் கலைஞர் மிக் ஃப்ளீட்வுட் 1947. ஆளுக்கு ஒரு வரி போதும், நேரமில்லை என்றால் அதுவும் வேண்டாம். அதைவிட இந்தக் கரைக்கு நெருக்கமான ஒன்று இருக்கிறது. ஜூன் 24 திருமுழுக்கு யோவான் பிறப்பு விழா. அந்த விழாவுக்கான பழைய லத்தீன் பாடலில் முதல் ஆறு அடித்துண்டுகளும் ஒன்றைவிட ஒன்று ஒரு ஸ்வரம் மேலே தொடங்கும். 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் குயிதோ என்ற துறவி, அந்தத் துண்டுகளின் முதல் அசைகளை எடுத்து உத், ரே, மி, ஃபா, சோல், லா என்று பாடகர்களுக்குப் பாடம் ஆக்கினார். ‘உத்’ பின்னாளில் ‘தோ’ ஆயிற்று. கோயில் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிற பிள்ளைகள் இங்கே ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். ச ரி க ம தெரிந்தவர்களுக்கு இது ஒரு நிமிடத்தில் புரியும், பாடியும் காட்டலாம்.

பெயரில் மட்டும் கவனம். பழைய வழக்கில் யோவானுக்கு அருளப்பர் என்று பெயர். அறிவிப்பாளர் வாய்தவறி அருளானந்தர் என்றால் கதை வேறு. அவர் 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட ஜான் டி பிரிட்டோ, விழா பிப்ரவரி 4. ஓரியூர் இதே மாவட்டம், அங்கிருந்தும் தொலைபேசி வரும்.

ஒலிபரப்பானதை மூன்று மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி. இந்த நிகழ்ச்சிக்கு எழுத்துப் பிரதியை அதற்கு மேலும் வைத்திருப்பது நல்லது, அடுத்த ஆண்டும் அதே தேதி வரும். பழையதைத் தூசி தட்டும்போது கெட்டுப்போவது எண்கள்தான். ‘97ஆவது பிறந்த நாள்’ அப்படியே போய்விடும். நூற்றாண்டும் அப்படித்தான். தொடக்கம் 99 முடியும்போது, நிறைவு 100 முடியும்போது. கவிஞருக்கு 2026இல் தொடங்கி 2027இல் நிறைகிறது. எம்.எஸ்.விக்கு 2027இல் தொடங்கி 2028இல் நிறைகிறது. ஆக, 2027 ஜூன் 24 அன்று ஒருவருக்கு நூற்றாண்டு முடிய, அதே நாளில் இன்னொருவருக்குத் தொடங்குகிறது. அதற்குப் பத்து நிமிடம் போதாது, ஒரு மணி நேரமாவது ஒதுக்கவேண்டும். அன்று வியாழக்கிழமை. திங்கள், புதன், சனி என்று விசைப்படகுகள் கடலுக்குப் போகும் இப்போதைய முறை மாறாமல் இருந்தால், புதன் போனவர்கள் அன்று காலை கரைக்கு வந்து, மீனை ஏலம் விட்டு, தூங்கி எழுந்திருப்பார்கள். மாலை ஆறு மணிக்கு வைக்கலாம்.