ஏழாவது ஆட்டமும் மத்தியூஸும்

2025 மே 18 இரவு. ஸ்காபரோவில் எங்கள் வீட்டு பேஸ்மெண்டில் நானும் மச்சானும். டிவியில் ஐஸ் ஹொக்கி: எங்கள் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸுக்கும் புளோரிடா பாந்தர்ஸுக்கும் பிளேஓஃப் (கிண்ணத்துக்கான நொக்கவுட்) சுற்றின் ஏழாவது, கடைசி ஆட்டம். மூன்று பீரியடில் முதலாவது முடிய 0-0. "இண்டைக்கு மத்தியூஸ் அடிப்பான் பார்" என்றான், லீஃப்ஸின் கோல் நட்சத்திரத்தைச் சொல்லி. புளோரிடா 6-1 என்று முடித்துவிட்டுப் போனது. ரசிகர் யாரோ லீஃப்ஸ் ஜேர்சியைக் கழற்றி ஐஸில் எறிந்ததை டிவியில் காட்டினார்கள். மச்சான் குனிந்து, தான் போட்டிருந்த ஜேர்சியை ஒருமுறை பார்த்தான்.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரே பேச்சுத்தான்: பெரிய ஆட்டம் என்றால் மத்தியூஸுக்குக் கை நடுங்குதாம்.

கணக்கு அவன் பக்கம்தான், மறுக்க முடியாது. அந்த சீசன் முடிய மத்தியூஸ் மொத்தமாக ஆடிய லீக் ஆட்டங்கள் 629-இல் 401 கோல். பிளேஓஃப் 68-இல் 26. மூன்று ஆட்டத்துக்கு இரண்டு கோல் அடிப்பவர் ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே வந்து நிற்கிறார். 2018 முதல் லீஃப்ஸ் தோற்று வெளியேறிய கடைசித் தீர்வு ஆட்டங்கள் (இரண்டு அணியில் எது வென்றாலும் அது அடுத்த சுற்றுக்கு, தோற்றது வீட்டுக்கு) ஏழு. அவற்றில் அவருக்கு ஒரு கோல்கூட இல்லை.

ஆனால் நடுக்கம் என்பதை நான் ஏற்கமாட்டேன். பிளேஓஃபில் ஒரே அணியோடு ஏழு ஆட்டம் வரை மோதவேண்டும். மத்தியூஸ் எந்த இடத்தில் பக்கை (ஹொக்கியின் ரப்பர் வட்டை) வாங்கிச் சுடுவார் என்பது மூன்றாவது ஆட்டத்துக்குள் எல்லோருக்கும் மனப்பாடம். சொந்த மைதானத்துப் பயிற்சியாளர்தான் கடைசியாக ஆள் மாற்றுவார் என்பதால், புளோரிடாவில் ஆடும்போது மத்தியூஸ் இறங்கினாலே எதிரே தடுப்புக்குப் பேர்போன அவர்களின் பார்க்கொவ் வந்து நிற்கலாம். (ஏழாவது ஆட்டம் ரொறன்ரோவில்தானே நடந்தது என்று மச்சான் மடக்கினான். சரி, அது அவனுக்கு ஒரு பொயிண்ட்.) அதே புளோரிடாவில், இரண்டு நாள் முன்பு, தோற்றால் வெளியே என்ற ஆறாவது ஆட்டத்தில் 0-0 என்று இழுபட்டதை மூன்றாவது பீரியடில் உடைத்தது மத்தியூஸின் கோல்தான். நடுங்கும் கை அதை அடிக்குமா?

எனக்கு உறுத்துவது வேறு. அந்த ஏழில் 2018-ஐ விட்டுவிடுங்கள், அதில் நான்கு கோல் வந்தது. மற்ற ஆறிலும் சேர்த்து முழு லீஃப்ஸ் அணியும் அடித்தது ஐந்தே ஐந்து. எந்த ஆட்டத்திலும் ஒன்றுக்கு மேல் இல்லை. இதை எப்படி ஒருவர் தலையில் கட்டுவது?

"கப்டன் அவன்தானே" என்றான் மச்சான். 2024 வரைக்கும் டவாரஸ்தான் கப்டன் என்று சொல்லி நழுவிவிட்டேன்.