82 வயசுப் பாட்டியும் 18 வயசுப் பையனும்

விண்வெளிக்கு இப்போது யார் போகிறார்கள் என்று கேட்டால், காசு இருக்கிறவன் போகிறான் என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். முக்கால்வாசி உண்மை அதுதான். 2001-ல் அமெரிக்கக் கோடீஸ்வரர் டென்னிஸ் டிட்டோ சுமார் 2 கோடி டாலர் கொடுத்து ரஷ்யாவின் சோயுஸ் விண்கலத்தில் ஏறியதிலிருந்தே கதை அப்படித்தான் ஓடுகிறது. மிச்சம் கால்வாசி இருக்கிறதே, அதுதான் எனக்குச் சுவாரசியம்.

2021 ஜூலை 20, டெக்சாஸ். ப்ளூ ஆரிஜின் என்கிற ராக்கெட் கம்பெனி முதல்முறையாக ஆள் ஏற்றிய பயணம். உள்ளே நாலு பேர். அமேசானை ஆரம்பித்த ஜெஃப் பெசோஸ், அவர் தம்பி (சரி, வண்டியே பெசோஸுடையது). மூன்றாவது ஆலிவர் டேமன், நெதர்லாந்துப் பையன், வயசு 18. அந்த சீட்டை 2.8 கோடி டாலருக்கு ஏலம் எடுத்தவர் அன்றைக்கு வேறு வேலை இருக்கிறது என்று ஒதுங்கிக்கொள்ள, அடுத்த பயணத்துக்கு இடம் பிடித்து வைத்திருந்த இந்தப் பையனுக்கு அடித்தது யோகம். அப்பா நிதி நிறுவனம் நடத்துகிறவர், காசு அவருடையது. அமேசானில் தான் எதுவுமே வாங்கியதில்லை என்று பையன் பெசோஸிடமே சொன்னானாம்!

நாலாவது வாலி ஃபங்க், வயசு 82. இவர் கதையைப் படித்துவிட்டு எனக்குக் கொஞ்ச நேரம் வேறு எதுவும் ஓடவில்லை. 1961-ல், இருபத்திச் சொச்சம் வயசில், விண்வெளி வீரர்களுக்கு வைத்த அதே மாதிரியான உடல் சோதனைகளில் தேறிய 13 பெண்களில் ஒருவர். ஒளியும் ஒலியும் இல்லாத தண்ணீர்த் தொட்டியில் பத்தரை மணி நேரத்துக்கும் மேல் அசையாமல் மிதந்திருக்கிறார். ஆனால் நாசா கேட்டது ஜெட் சோதனை விமானிகளை, அந்த வேலையில் அன்றைக்குப் பெண்களைச் சேர்க்கவே மாட்டார்கள். கதவைப் பூட்டிவிட்டுச் சாவி எங்கே என்று கேட்கிற மாதிரிதானே இது? அப்புறம் அவர் பல்லாயிரம் மணி நேரம் விமானம் ஓட்டினார், ஆயிரக்கணக்கானோருக்குக் கற்றுக்கொடுத்தார், வர்ஜின் கேலக்டிக் என்கிற விண்வெளிச் சுற்றுலா கம்பெனியில் 2 லட்சம் டாலர் கட்டி டிக்கெட்டும் வாங்கி வைத்திருந்தார். அதிலும் அவர் முறை வரவில்லை. கடைசியில் பெசோஸ் விருந்தாளியாகக் கூப்பிட்டார்.

கோடீஸ்வரர்களின் ராக்கெட் விளையாட்டைத் திட்டுகிற கட்சி நான். இந்த ஒரு இடத்தில் மட்டும் வாய் அடைத்துப்போகிறது.

மொத்தப் பயணமே பத்து நிமிஷம்தான். இறங்கிய வாலி, இன்னும் கொஞ்ச நேரம் மேலே இருந்திருக்கலாம் என்று குறைப்பட்டுக்கொண்டார்.