வாடகையைக் கடைசியில் பேசலாம்

அந்நியப் படைத்தளம் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, வருடத்துக்கு எவ்வளவு தருவார்கள் என்று. தொகை எப்போதும் நெகிழக்கூடியது. 2009 பிப்ரவரியில், தன் மண்ணில் இருந்த அமெரிக்காவின் மனாஸ் தளத்தை மூடச் சொல்லி கிர்கிஸ்தான் நாடாளுமன்றம் வாக்களித்தது. ஜூனில் புது ஒப்பந்தம் வந்தபோது 1.74 கோடி டாலர் வாடகை 6 கோடி ஆகியிருந்தது. 'விமானப்படைத் தளம்' என்ற பெயர் 'இடைத்தங்கல் மையம்' என்று மாறியிருந்தது. ஓடுபாதை அதேதான்.

சிக்கல் வருவது, குற்றம் செய்த சிப்பாயை யார் விசாரிப்பது என்ற பிரிவில். பல தள ஒப்பந்த வரைவுகளுக்கு, நேட்டோ நாடுகள் ஒன்றின் மண்ணில் மற்றொன்றின் படை இருப்பது பற்றிச் செய்துகொண்ட 1951-ஆம் ஆண்டு ஒப்பந்தமே தாய்ப்பிரதி. அதன்படி, தன் ஆட்களுக்கோ தன் உடைமைக்கோ எதிரான குற்றங்களிலும் பணியின்போது நடந்தவற்றிலும் படையை அனுப்பிய நாட்டுக்கு முன்னுரிமை. மற்றவற்றில் இடம் கொடுத்த நாட்டுக்கு. படிக்க நியாயமாகவே இருக்கும். 'பணியின்போது' என்று முடிவு செய்பவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நடைமுறையில் படைத்தலைவர் ஒரு சான்றிதழ் தருவார். ஜப்பானில், மாறாக நிரூபிக்கப்படும் வரை அந்தச் சான்றிதழே போதுமான சாட்சியம். எதை வைத்து நிரூபிப்பது? பணிப்பட்டியல், வண்டி ஓட்டப் பதிவேடு, உடன் இருந்த சிப்பாய்கள் எல்லாமே முள்வேலிக்கு அந்தப் பக்கம். தென்கொரியாவில் 2002-இல் அமெரிக்கக் கவச வாகனம் ஏறி இரு பள்ளி மாணவிகள் இறந்தார்கள். பணியின்போது நடந்தது என்று சொல்லி வழக்கை அமெரிக்கத் தரப்பு தானே விசாரித்தது. அமெரிக்க ராணுவ நீதிமன்றம் வாகனத்தில் இருந்த இரு சிப்பாய்களையும் விடுதலை செய்ய, சியோல் தெருக்கள் மெழுகுவர்த்திகளால் நிறைந்தன.

ஆகவே வரைவிலேயே எழுத வேண்டியவை: சான்றிதழை எத்தனை நாளுக்குள் தர வேண்டும், அதை யார் மறுக்கலாம், மறுத்தால் எந்தப் பதிவேடுகளின் நகலைக் கொடுக்க வேண்டும், முடிவு வரும்வரை ஆள் நாட்டைவிட்டுப் போகலாமா. காவல் யாரிடம் என்பதைத் தனிப் பத்தியாக வையுங்கள். விசாரிக்கும் உரிமை கையில் இருந்தும் ஆள் கையில் இல்லாத நிலை சகஜம்.

வினைச்சொற்களையும் கவனியுங்கள். 1995-இல் ஒகினாவாவில் அமெரிக்கப் படையினர் மூவர் ஒரு சிறுமியைப் பாலியல் வன்கொடுமை செய்த சம்பவத்துக்குப் பிறகு ஜப்பானுக்குக் கிடைத்தது, கொலை, பாலியல் வன்கொடுமை வழக்குகளில் குற்றப்பத்திரிகைக்கு முன்பே ஆளை ஒப்படைப்பதை 'அனுதாபத்துடன் பரிசீலிப்போம்' என்ற வாக்கு. 1979-இல் தளங்களை ஒட்டி பிலிப்பைன்ஸுக்கு ஐந்தாண்டில் 50 கோடி டாலர் என்று அமெரிக்க அதிபர் கார்ட்டர் எழுதிய கடிதத்தில் இருந்தது, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிடம் பெற்றுத்தர 'இயன்றதைச் செய்வோம்' என்பதே. பணத்தை ஒதுக்குவது காங்கிரஸ். கடிதம் எழுதியது அதிபர்.

நிலத்தைப் பற்றி ஒரே விஷயம்: படையிடம் ஒப்படைக்கும் முன்பே மண்ணையும் நிலத்தடி நீரையும் இரு தரப்பும் சேர்ந்து பரிசோதித்து, முடிவைப் பிற்சேர்க்கையாக்க வேண்டும். ஜப்பான் ஒப்பந்தத்தில் நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் கடமை அமெரிக்காவுக்கு இல்லை. எரிபொருள் கசிவெல்லாம் படை போன பிறகுதான் தெரியவரும்.

பிறகு வாக்கு எண்ணிக்கை. ஈராக் போருக்காக அமெரிக்கப் படையை அனுமதிக்கும் தீர்மானத்துக்கு துருக்கி நாடாளுமன்றத்தில் 2003 மார்ச் 1 அன்று ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. ஆதரவே அதிகம், ஆனாலும் தீர்மானம் தோற்றது. வந்திருந்த 533 பேரில் பாதிக்கு மேல், அதாவது 267 வேண்டியிருந்தது. பிலிப்பைன்ஸ் செனட்டில் 1991 செப்டம்பரில் அமெரிக்காவுடனான புதிய தள ஒப்பந்தம் 12-க்கு 11 என்று வீழ்ந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் அங்கிருந்த சூபிக் கடற்படைத் தளம் காலியானது. உள்நாட்டு நடைமுறை விதியைப் படிக்காமல் தேதி குறிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஒப்பந்தம் எப்படி முடிவுக்கு வரும் என்ற பிரிவை எல்லோரும் களைத்துப்போன நேரத்தில்தான் எழுதுவார்கள், அதை முதல் வாரத்திலேயே எழுதுவது நல்லது. உஸ்பெகிஸ்தான் 2005 ஜூலையில் வெளியேறச் சொல்லி அமெரிக்காவுக்கு 180 நாள் அறிவிப்பு கொடுத்தது, நவம்பரில் படை போய்விட்டது. கியூபாவில் உள்ள அமெரிக்கத் தளமான குவாண்டனாமோவுக்கான 1934 ஒப்பந்தம் இரு தரப்பும் சம்மதித்தாலோ அமெரிக்கா தானாக விட்டுப் போனாலோ மட்டுமே முடியும். அதற்கு வருட வாடகை 4,085 டாலர். காசோலை வருகிறது, கியூபா அதை மாற்றுவதில்லை.