மொரிஸ் மைனர் 1000: ஒரிஜினல் இக்னிஷன் சாமான்களை அடையாளம் கண்டு மாற்றிய விதம்

திருகோணமலைப் பக்கம் இன்றும் ஓடுகிற மொரிஸ் மைனர்களின் பொனெட்டைத் திறந்தால் அடிக்கடி காண்பது இதுதான்: பிளக்குகளுக்கு முறைப்படி மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் உடல் காரோடு வந்தது, அதற்குள் இருப்பதெல்லாம் வேறு வேறு காலத்துச் சாமான். பற்றரி மின்சாரத்தைப் பொறி பாயுமளவுக்கு உயர்த்தும் கொயில் ஒரு ஜப்பான் வாகனத்தினுடையது, உள்முனைகள் கருகாமல் காக்கும் கொண்டென்சர் வெளியே தொங்கும், உள்ளே சுற்றும் ரோட்டர் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. கார் ஸ்டார்ட் ஆகும், ஓடும். வாடைக் காலத்து ஈரக் காற்றில் இடையிடையே அடிவிடும், வெயிலில் இருபது நிமிடம் ஓடியபின் நிற்கும். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவி அலுத்துப்போவார்கள். பழுது பெரும்பாலும் இக்னிஷனில், அதாவது பொறி தரும் இந்த அமைப்பில், இருக்கும்.

நாங்கள் வேலை பார்த்தது 1098 சீசீ எஞ்சின் உள்ள மைனர் 1000. முதலில் செய்யவேண்டியது எஞ்சின் எது என்று உறுதிப்படுத்துவது. டைனமோவுக்கு மேலே பிளாக்கில் தறைந்திருக்கும் தகட்டில் எண் இருக்கிறது. 9எம் என்று தொடங்கினால் 948 சீசீ, 10எம் என்று தொடங்கினால் 1098. அதைத் தொடர்ந்து வரும் எச் சிலிண்டருக்குள் உயர் அழுத்தத்தையும், எல் குறைந்த அழுத்தத்தையும் குறிக்கும். டைமிங் (பொறி விழும் நேரம்) அளவு இதைப் பொறுத்தே மாறும் என்பதால் இந்தத் தகட்டை வாசிக்காமல் எதையும் தொடக்கூடாது. பதிவுப் புத்தகத்திலுள்ள ஆண்டை நம்ப முடியாது. அறுபது வருடத்தில் எஞ்சின் மாறியிருக்கலாம்.

அடுத்தது டிஸ்ட்ரிபியூட்டர். இதைச் செய்த லூகாஸ் கம்பனி தன் சாமானின் உடம்பிலேயே விவரத்தை அடித்து வைத்திருக்கிறது. எண்ணெய் அழுக்கைப் பெற்றோலில் நனைத்த துணியால் துடைத்து, டோர்ச்சைச் சாய்வாகப் பிடித்தால் எழுத்துத் தெரியும். பழைய மைனர்களில் டி.எம்.2, பிந்தியவற்றில் 25டி4. அதன் கீழே 40 அல்லது 41 என்று தொடங்கும் ஐந்து இலக்க எண். பக்கத்தில் இரண்டு சிறு எண்கள்: முதலாவது வாரம், இரண்டாவது ஆண்டு. 22 65 என்றிருந்தால் 1965ஆம் ஆண்டின் 22ஆம் வாரத்தில் செய்தது. காரின் ஆண்டுக்குச் சில மாதம் முந்திய தேதி இருந்தால் அது காரோடு பிறந்தது என்று நம்பலாம். 45டி4 என்றிருந்தால் அது 1970களில் வந்த பிந்திய வகை. அதில் டைமிங்கைப் பக்கவாட்டில் திருகிச் சரிசெய்யும் பல்லுள்ள நட் இராது; அதன் மூடி 25டி4க்குப் பொருந்தவும் மாட்டாது. கடையில் இரண்டையும் ஒன்றென்று சொல்லித் தந்துவிடுவார்கள்.

எஞ்சினின் வெற்றிடத்தால் இழுபட்டு டைமிங்கை மாற்றும் வக்குயூம் யூனிட்டிலும் மூன்று எண் உண்டு. 5-17-8 என்றிருந்தால், 5 அங்குலப் பாதரச வெற்றிடத்தில் அசையத் தொடங்கி 17 அங்குலத்தில் முழுதாக இழுத்து டைமிங்கை 8 பாகை முன்தள்ளும். இது டிஸ்ட்ரிபியூட்டர் பாகை, அதைவிட இரு மடங்கு வேகத்தில் சுற்றும் எஞ்சினின் கிராங்க் தண்டில் 16. வேறு காரின் யூனிட்டைப் பூட்டினால் இந்தக் கணக்குக் கெடும், பாதி அக்சிலேற்றரில் எஞ்சின் தட்டும் அல்லது சோம்பும். யூனிட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, குழாயில் வாய் வைத்து இழுத்து நாக்கால் அடைத்துக்கொள்ளுங்கள். தட்டு அசைந்து அப்படியே நிற்கவேண்டும். மெல்லத் திரும்பினால் உள்ளே இருக்கும் ஜவ்வு கிழிந்துவிட்டது.

கழற்றுமுன் நான்கு பிளக் வயர்களுக்கும் எண் கட்டுங்கள். றேடியேற்றர் பக்கம் 1ஆவது சிலிண்டர், பற்றும் வரிசை 1-3-4-2, ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும். டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருக்கும் கிளாம்பின் இறுக்கு போல்ற்றைத் தளர்த்தவேண்டாம்; கிளாம்பைப் பிளாக்கோடு பிடிக்கும் இரண்டு ஸ்குறூக்களைக் கழற்றினால் டைமிங் கெடாமல் முழுதாக வெளியே வரும். கடலோரக் காரில் இது அவ்வளவு சுலபமல்ல. அலுமினிய உடல் உப்புக் காற்றில் வெள்ளைப் பொடி பூத்து இரும்புப் பிளாக்கோடு ஒட்டியிருக்கும். துருநீக்கும் எண்ணெயை முதல் நாள் மாலையே விட்டு, மறுநாள் உடலை இடமும் வலமுமாக மெல்ல முறுக்கி எடுங்கள். சுத்தியலால் தட்டினால் உடல் வெடிக்கும், அதற்கு மாற்று இல்லை. அடியிலுள்ள இணைப்பு நாக்கு நடுவிலிருந்து விலகியிருப்பதால் திரும்பப் பூட்டும்போது ஒரே நிலையில்தான் இறங்கும், பயப்பட வேண்டாம்.

வெளியே எடுத்ததும் தண்டின் தேய்மானத்தைப் பாருங்கள். இதைத் தவிர்த்துவிட்டுப் புதுப் பொயின்ற் (மின்சாரத்தைத் தொட்டும் துண்டித்தும் பொறி உண்டாக்கும் முனைகள்) போடுவது காசை வீணாக்குவது. தண்டின் மேலுள்ள, பொயின்ற்றைத் தள்ளித் திறக்கும் கேமை விரலால் பக்கவாட்டில் தள்ளும்போது ஆட்டம் கையில் உணரப்பட்டால் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. நிச்சயப்படுத்த, கேமின் நான்கு முனைகளிலும் பொயின்ற் இடைவெளியைத் தனித்தனியே அளக்கவேண்டும், ஒன்றுக்கொன்று 0.002 அங்குலத்துக்கு மேல் வேறுபட்டால் எந்தப் பொயின்ற்றும் நிலைக்காது. புது புஷ் எண்ணெய் உறிஞ்சும் துளையுள்ள வெண்கலம். பூட்டுவதற்கு முன் 24 மணி நேரம் எஞ்சின் ஒயிலில் ஊறவேண்டும். சாதாரணப் பித்தளையில் கடைந்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது ஒயில் பிடிக்காது.

பொயின்ற் நிற்கும் தட்டின் அடியில், வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்தள்ளும் இரண்டு எடைகளும் இரண்டு சுருள்வில்லும். வில் இரண்டும் ஒரே தடிப்பாக இல்லை என்று ஒன்றை மாற்றிவிடாதீர்கள், அவை வேண்டுமென்றே அப்படி வைக்கப்பட்டவை. கேமின் அடித்தகட்டில் அடித்திருக்கும் எண், எடைகள் தரும் அதிகபட்ச முன்தள்ளல் பாகை. துருவைத் துடைத்து மெல்லிய எண்ணெய் இட்டால் போதும்.

இனிப் பொயின்ற்றும் கொண்டென்சரும் ரோட்டரும் மூடியும். பழையதைத்தான் போடவேண்டும் என்ற பிடிவாதம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பெட்டி மாறாத பழைய பொயின்ற் கிடைத்தால் விடாதீர்கள். அதன் குதி (கேமில் உரசும் பகுதி) கடினமான நார்ப்பொருள், நீண்ட காலம் தேயாது. இப்போது வருகிற சிலவற்றின் குதி மென்பிளாஸ்டிக். சில நூறு கிலோமீற்றரிலேயே தேய்ந்து இடைவெளி குறையும், குறையக் குறைய டைமிங் பிந்தும். 25டி4க்கான பொயின்ற்றின் எண் ஜி.சி.எஸ்.101. கொண்டென்சர் கதை நேர்மாறு. ஐம்பது வருடம் பெட்டிக்குள் இருந்த கொண்டென்சர் ஈரம் குடித்திருக்கும்; ஒரிஜினல் என்பதற்காக அதைப் பூட்டுவதில் அர்த்தமில்லை. புதியது வாங்கி மல்ற்றிமீற்றரில் அளந்து பாருங்கள், 0.18 முதல் 0.24 மைக்ரோபரட் வரை காட்டவேண்டும். குளிரில் சரியாகக் காட்டி சூட்டில் கைவிடும் கொண்டென்சர்கள் உண்டு. கார் சூடேறி நின்றவுடன் மூடியைக் கழற்றி, இக்னிஷனைப் போட்டுப் பொயின்ற்றை விலக்கினால் நீலவெள்ளையாகப் பெரிய தீப்பொறி தெரியும். அதுதான் அடையாளம். வழியில் நின்றால் உள்ளிருக்கும் கொண்டென்சரின் வயரைக் கழற்றி விட்டு, வேறொன்றைக் கொயிலில் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வயர் போகும் சி.பி. முனைக்கும் காரின் உடலுக்கும் நடுவே கட்டி வீடு சேரலாம். உள்ளிருப்பதைக் கழற்றாமல் இரண்டையும் சேர்த்துக் கட்டுவதால் பயனில்லை, கசிவு அப்படியே இருக்கும்.

ரோட்டரில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கறுப்பு நிறத்தில், பித்தளைத் தகட்டை ஆணியால் தறைந்த புது ரோட்டர்கள் பலவற்றில் அந்த ஆணி அடியிலுள்ள தண்டுக்கு மிகக் கிட்டப் போகிறது. உயர் அழுத்த மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் ஆணிவழி தண்டுக்குள் இறங்கிவிடும். ஆணியில்லாமல் வார்த்த சிவப்பு ரோட்டர் இதற்காகவே செய்யப்பட்டது. சோதிக்கும் முறை: ரோட்டரைப் பூட்டி, கொயிலின் நடு வயரை ரப்பர் பிடியுள்ள குறட்டால் பிடித்து ரோட்டரின் நடுத்தகட்டுக்கு 3 மில்லிமீற்றர் மேலே வைத்து, இக்னிஷனைப் போட்டுப் பொயின்ற்றைத் திறந்து மூடுங்கள். பொறி ரோட்டருக்குப் பாய்ந்தால் அது கசிகிறது, வீசிவிடுங்கள். பாயாவிட்டால் நல்லது. புதியதையும் இப்படிச் சோதித்த பின்புதான் பூட்டவேண்டும்.

மூடியில் உள்முனைகள் பித்தளையா அலுமினியமா என்று பாருங்கள், பித்தளையை எடுங்கள். நடுவிலுள்ள கரித்துண்டு வில்லோடு உள்ளே போய் வரவேண்டும். பக்கவாட்டில் வயர் நுழைந்து உள்ளிருந்து கூர் ஸ்குறூவால் குத்திப் பிடிக்கும் பழைய மூடியானால் செப்புக் கம்பியுள்ள வயர்தான் போடவேண்டும். கரிநூல் வயரில் அந்தக் கூர் சரியாகப் பிடிக்காது, சில நாளில் அடிவிடத் தொடங்கும். முனைகளுக்கிடையே பென்சில் கோடு போல் கறுத்த தடம் தெரிந்தால் அந்த மூடி முடிந்தது. சுரண்டினாலும் திரும்ப வரும். துறைமுகப் பக்கமும் உப்புவெளி, நிலாவெளி வீதியிலும் இரவில் வெளியே நிற்கும் கார்களில் உப்பும் பனியும் சேர்ந்து இந்தத் தடத்தை வேகமாக உண்டாக்குகின்றன.

கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் பழைய உடல்களும் வக்குயூம் யூனிட்டும் தேடினால் கிடைக்கின்றன. லூகாஸின் பச்சைப் பெட்டியைப் பார்த்து விலை கொடுக்காதீர்கள், சாமானைக் கையிலெடுத்து அச்சைப் பாருங்கள்.

பூட்டும்போது ஒரு இடத்தில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். 25டி4இல் பொயின்ற்றின் வில் நிற்கும் முளையில் ஒரு நைலோன் தொப்பி வரும். கொயிலின் வயர் வந்து சேரும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்க முனையிலிருந்து உள்ளே வரும் வயரின் கண்ணும் கொண்டென்சர் வயரின் கண்ணும் அந்தத் தொப்பியின் கழுத்தைச் சுற்றி, வில்லைத் தொட்டபடி இருக்கவேண்டும். முளையையோ நட்டையோ தொடக்கூடாது. தொட்டால் மின்சாரம் நிரந்தரமாக எர்த்தாகும், பொறியே வராது. எல்லாம் புதிது, கார் மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள். அடுத்து, அசையும் தட்டிலிருந்து உடலுக்குப் போகும் சிறு எர்த் வயர். வக்குயூம் இழுக்க இழுக்க அது உறைக்குள்ளேயே அறுந்திருக்கும், வெளியே நல்லதாகத் தெரியும். மெல்ல இழுத்துப் பாருங்கள், ரப்பர்போல் நீண்டால் மாற்றுங்கள்.

வக்குயூம் யூனிட்டைக் கழற்றும்போது துணியை விரித்துக்கொண்டு செய்யுங்கள். பல்லுள்ள நட்டின் முனையிலிருக்கும் சிறு கிளிப்பை எடுத்து நட்டைத் திருகினால், கீழிருக்கும் சுருள்வில்லும் பல்லுக்குக் ‘கிளிக்’ கொடுக்கும் தகடும் துள்ளி விழும். தொலைந்தால் தேடி வாங்குவது கடினம்.

பொயின்ற் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீற்றருக்கு அண்மையில். குதி கேமின் உச்சியில் நிற்கும்போது அளக்கவேண்டும். புதுப் பொயின்ற்றின் மேல் பூசியிருக்கும் பாதுகாப்பு எண்ணெயைத் துடைக்காவிட்டால் அதுவே எரிந்து கரியாகும். கேமில் கிறீஸ் மெல்லியதாக, ரோட்டரைக் கழற்றினால் தெரியும் ஸ்குறூவின் மேல் ஒயில் சில துளி. அந்த ஸ்குறூவைக் கழற்ற வேண்டாம், ஒயில் அதைச் சுற்றித் தானாக இறங்கும். பிளக் இடைவெளி 0.025 அங்குலம்.

கொயிலுக்கு வருவோம். இந்தக் காருக்குரியது லூகாஸ் எல்.ஏ.12. முனைகளில் எஸ்.டபிள்யூ., சி.பி. என்றிருக்கும், பிந்தியவற்றில் கூட்டல் கழித்தல் குறி. இரண்டு சிறு முனைகளுக்கும் நடுவே 3.2 முதல் 3.4 ஓம் காட்டவேண்டும். 1.5 ஓம் காட்டினால் அது தனி ரெசிஸ்டர் உள்ள வாகனத்தின் கொயில். 12 வோல்ற்றில் 3.2 ஓம் கொயில் நாலுக்குக் குறைவான அம்பியர் எடுக்கும், 1.5 ஓம் கொயில் எட்டு அம்பியர். பொயின்ற் கருகும், கொயில் கையில் தொட முடியாத சூடாகும், கடைசியில் வழியில் நிற்கும். பொயின்ற் ஏன் அடிக்கடி எரிகிறது என்று கேட்பவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது கொயிலின் ஓம் எவ்வளவு என்பதுதான்.

மைனர் தொழிற்சாலையிலிருந்து பொசிட்டிவ் எர்த்தாக (பற்றரியின் கூட்டல் முனை உடலோடு) வந்தது. பலர் மாற்றிவிட்டார்கள், ஆகவே பற்றரியின் எந்த முனை உடலுக்குப் போகிறதென்று பாருங்கள். பொசிட்டிவ் எர்த் காரில் குறியுள்ள கொயிலின் கூட்டல் முனை டிஸ்ட்ரிபியூட்டருக்கு, கழித்தல் முனை சுவிச்சின் வெள்ளை வயருக்கு. நெகட்டிவ் எர்த்தில் இது தலைகீழ். மாறிக் கட்டினாலும் கார் ஓடும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. பிளக்கில் பொறி பாய அதிக வோல்ற் தேவைப்படும், ஈரமான காலையில் அது போதாமல் போகும். பொயின்ற்றுக்குப் பதிலாக எலெக்ட்ரோனிக் மொடியூல் போட நினைப்பவர்கள் பொசிட்டிவ் எர்த்துக்கானதா என்று பார்த்தே வாங்கவேண்டும். தவறானது திறப்பைத் திருப்பிய கணத்தில் எரியும்.

டைமிங். பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்டிங் கைப்பிடியால் எஞ்சினை ஓடும் திசையில் மட்டும் திருப்புங்கள். பின்னுக்குத் திருப்பினால் டைமிங் செயினின் தளர்வு அளவைக் கெடுக்கும். 4ஆவது சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று மூட மற்றது திறக்க ஆடும்போது 1ஆவது சிலிண்டரின் பிஸ்டன் அழுத்த உச்சியில் இருக்கிறது. எஞ்சினின் முன்புறச் செயின் மூடியிலுள்ள கூர்களில் மிக நீண்டது உச்சி, மற்றவை 5, 10 பாகை. உயர் அழுத்த 1098க்கு உச்சிக்கு முன் 3 பாகை. கிராங்க் புளியின் (கப்பியின்) வெட்டு உச்சிக்கும் 5க்கும் இடையில், 5க்குச் சற்றுக் கிட்ட. பல்லுள்ள நட்டை நடுவில் வைத்து, 12 வோல்ற் பல்ப் ஒன்றை டிஸ்ட்ரிபியூட்டர் முனைக்கும் காரின் உடலுக்கும் நடுவே கட்டி, இக்னிஷனைப் போடுங்கள். இறுக்கு போல்ற்றைத் தளர்த்தி, பல்ப் அணையும்வரை டிஸ்ட்ரிபியூட்டரின் உடலை இடஞ்சுழியாகத் திருப்பி, பின் மெல்ல வலஞ்சுழியாகத் திருப்புங்கள். பல்ப் பற்றும் கணத்தில் நிறுத்தி இறுக்குங்கள். வேலை முடிந்ததும் இக்னிஷனை அணைக்க மறக்கவேண்டாம், பொயின்ற் மூடியபடி நின்றால் கொயில் சூடாகும்.

மீற்றரில் இரண்டு அளவு எடுங்கள். இக்னிஷன் போட்டு, பொயின்ற் மூடிய நிலையில் எஸ்.டபிள்யூ. முனையில் ஏறத்தாழப் பற்றரி வோல்ற்றும் சி.பி. முனையில் பூச்சியத்துக்கு மிக அண்மையாகவும் இருக்கவேண்டும். சி.பி.யில் அரை வோல்ற் நின்றால் பொயின்ற் அழுக்கு அல்லது அந்தச் சிறு எர்த் வயர். எஞ்சினிலிருந்து உடலுக்குப் போகும் தடித்த எர்த் பட்டியையும் கழற்றி இரண்டு முனையையும் உலோகம் தெரியச் சுரண்டுங்கள், எங்கள் ஊரில் அது பச்சை பூத்துத்தான் இருக்கும்.

ஓட்டிப் பார்க்க, பிரட்ரிக் கோட்டைக்குள் கோணேசர் கோயில் பக்கம் ஏறும் பாதை நல்லது. எஞ்சின் சூடானபின் உயர்ந்த கியரில் அக்சிலேற்றரை அழுத்தும்போது ஒக்டேன் 92 பெற்றோலில் ‘கிணிங்’ என்று தட்டினால், பல்லுள்ள நட்டை ஆர் (டைமிங்கைப் பின்தள்ளும்) பக்கம் திருப்புங்கள். 11 கிளிக் ஒரு பாகை. அரைப் பாகையாகக் குறைத்துக் குறைத்துப் பாருங்கள். தட்டுவது நின்றதும் மேலும் பின்தள்ள வேண்டாம், சக்தி போய்ச் சூடு கூடும்.

முதல் 500 கிலோமீற்றரில் குதி படிந்து இடைவெளி குறையும். திரும்ப அளந்து சரிசெய்து, டைமிங்கையும் பாருங்கள். சோதித்த ரோட்டர் ஒன்றும் அளந்த கொண்டென்சர் ஒன்றும், அதற்குரிய ஸ்குறூவோடு, டாஷ்போர்டின் கீழ்த் தட்டில் கிடக்கட்டும். ஹபரணைக் காட்டு வீதியில் அவற்றை விற்கும் கடை இல்லை.