ஆச்சியின் மஞ்சள் பை

தாராவியில் எங்கள் சந்துக்கு இட்லி விற்க வரும் ஆச்சி, மகளும் மருமகனும் இறந்தபின் பேரப்பிள்ளைகள் இருவரையும் தனியாகவே வளர்த்து வருகிறார். இறப்புச் சான்றிதழ்களையும் பிள்ளைகளின் ஆதார் அட்டைகளையும் ஒரு மஞ்சள் பையில் சுற்றி, அரிசி டப்பாவுக்குப் பின்னால் பத்திரப்படுத்தியிருக்கிறார்.

பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்கு, ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு என்பதையோ, நகரங்களில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பதையோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம் என்பதையோ அவருக்கு இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. பள்ளியில் பெற்றோர் கையெழுத்துக் கேட்டுத் திருப்பி அனுப்பியவர்கள்கூடச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

“எம் பேரப்பிள்ளைய நான் வளக்கதுக்கு, கவர்மெண்டு எதுக்குய்யா துட்டு குடுக்கணும்?” என்று கேட்டார்.

“இது உங்களுக்குக் கூலி இல்லை ஆச்சி, பிள்ளைகளுக்குச் சேர வேண்டியது” என்றேன்.

நேற்று இரவு விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தோம். தாயின் பெயர் எழுத வேண்டிய கட்டத்துக்கு வந்ததும் ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். “மெதுவா எழுதுய்யா, அவ கையெழுத்து அழகா இருக்கும்.”