தங்கையின் டிசியை மீட்க மூன்று முறை மலை இறங்கினேன்

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரமே, கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் என் தங்கையின் கையில் யாரோ ஒரு நோட்டீஸைத் திணித்திருக்கிறார்கள். ‘அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் டெக்னீசியன், ஒரே வருடம், வேலை உறுதி’. கூடவே ஒரு படம்: வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கர்ப்பிணியின் வயிற்றில் கருவியை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். அந்தப் படத்துக்கு அப்புறம் வருகிறேன்.

பாராமெடிக்கல் பட்டப் படிப்புகளுக்கு அரசுத் தேர்வுக் குழு அப்போது விண்ணப்பமே திறக்கவில்லை. ஆர்ட்ஸ் காலேஜ் போகிற பிள்ளைகள் எல்லாம் சேர்ந்துவிட்டார்கள், இவள் மட்டும் வீட்டில் இருக்கிறாளே என்று அம்மாவுக்கு ஒரே தவிப்பு. இந்த இடைவெளி தெரிந்துதான் இந்த மாதிரி கோர்ஸ் நடத்துகிறவர்கள் மலை ஏறி வந்து நோட்டீஸ் கொடுக்கிறார்கள். நாங்களும் கோவையில் இருக்கும் அவர்கள் ஆபீஸுக்குப் போய் 5,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டினோம். சரிபார்க்க வேண்டும் என்று பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், டிசி மூன்றையும் ஒரிஜினலாகவே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பணத்துக்கு ரசீது தந்தார்கள். சான்றிதழ்களுக்கு எதுவும் தரவில்லை. அதைக் கேட்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இன்னும் நெஞ்சில் குத்துவது அதுதான்.

பத்து நாள் கழித்து, அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் இருக்கலாம் என்று குன்னூரில் ஸ்கேன் எடுக்கப் போனோம். அங்கே எக்ஸ்ரே பிரிவில் இருந்த அக்காவிடம் தங்கை ஆசையாக, “நானும் ஸ்கேன் கோர்ஸ் சேர்ந்திருக்கேன்க்கா” என்றாள். அந்த அக்கா வெள்ளைக் கோட்டில் கதிர்வீச்சு அளவைப் பதிவு செய்யும் சின்ன பேட்ஜ் ஒன்றைக் குத்தியிருந்தார். எங்களைத் தனியே கூப்பிட்டு, “எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. எல்லாம் நாங்க எடுப்போம். ஆனா அந்த அல்ட்ராசவுண்ட் ரூமுக்குள்ள புரோபை, அதான் உடம்புல வைக்கிற அந்தக் கருவியை, பிடிக்கிறது டாக்டர் மட்டும்தான் கண்ணு. கதவுல என்ன எழுதியிருக்குன்னு பாரு” என்றார்.

கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்வதில்லை, அது குற்றம் என்ற அறிவிப்புப் பலகை. எத்தனையோ முறை பார்த்த பலகைதான். அதற்குப் பின்னால் இருக்கிற 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்தக் கருவி இருக்கும் மையமே பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். அதை இயக்குபவர் உரிய தகுதியுள்ள, பதிவு பெற்ற மருத்துவராக இருக்க வேண்டும். அமெரிக்கா மாதிரி நாடுகளில் படித்த டெக்னீசியனே ஸ்கேன் செய்வாராம். நோட்டீஸில் இருந்தது அந்த ஊர்ப் படம். இங்கே ஒரு வருடச் சான்றிதழை வைத்துக்கொண்டு கர்ப்பிணிக்கு ஸ்கேன் செய்தால் வேலை கிடைக்காது, வழக்குத்தான் வரும்.

அந்த அக்காதான் வழியையும் சொன்னார். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. படிப்புகளாகப் பாருங்கள், எக்ஸ்ரே, சி.டி. எடுக்கக் கற்றுத்தரும் ரேடியோகிராபி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி, டாக்டருக்கு உதவியாக வேலை செய்யும் பிசிஷியன் அசிஸ்டன்ட் இரண்டும் மூன்று வருடப் படிப்பு, ஒரு வருட இன்டர்ன்ஷிப், நீட் வேண்டாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் போதும் என்றார். இந்தத் துறைகளுக்கென்று 2021இல் மத்திய அரசு தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது. நம்மிடம் வருகிறவர்கள் எந்தக் கோர்ஸைச் சொன்னாலும், முதலில் எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் ‘அரசு அங்கீகாரம்’ என்று மட்டும் சுற்றி வளைத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, இனி அந்த ஒரிஜினல் சான்றிதழ்களைத் திரும்ப வாங்கிய கதை.

முதல் முறை போனபோது மேனேஜர் இல்லை என்றார்கள். மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து காந்திபுரம் போய், மறுபடி ஏறி வருவதற்குள் ஒரு நாள் கூலி போய்விட்டது. இரண்டாம் முறை மேனேஜர் இருந்தார். “முழு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு எடுத்துக்கங்க தம்பி, சீட்டை வீணாக்கிட்டீங்கல்ல?” என்றார். கெஞ்சினேன், சத்தம் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. அவருக்குப் பின்னால் பீரோ திறந்தே இருந்தது. பச்சை, நீலம், மஞ்சள் என்று ஃபைல்கள் அடுக்கியிருந்தன. எங்களுடையதை மாதிரியே இன்னும் எத்தனை வீட்டுப் பிள்ளைகளுடையதோ!

இதற்கிடையில் அரசு விண்ணப்பம் திறந்தது. ஜெராக்ஸையும் ஸ்கேன் செய்த நகலையும் வைத்து ஆன்லைனில் போட்டுவிட்டோம். ஆனால் சீட் ஒதுக்கியதும் கல்லூரியில் ஒரிஜினலைக் கொடுத்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். சாதிச் சான்றிதழ் இ-சேவையில் எடுத்தது, தொலைந்தாலும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். டிசி அப்படி இல்லை.

மூன்றாம் முறை சத்தம் போடவில்லை. வீட்டிலேயே இரண்டு பிரதி கடிதம் எழுதிக்கொண்டு போனேன். ‘இன்ன தேதியில் இந்த மூன்று ஒரிஜினல்களையும் பெற்றுக்கொண்டீர்கள். திருப்பித் தர முடியாது என்றால், என்ன காரணத்தால் தர முடியாது என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் இட்டுத் தரவும்.’ மேனேஜர் இரண்டு தடவை படித்தார். “யாருப்பா எழுதிக் குடுத்தது?” என்றார். “நான்தான் சார். எழுதிக் கொடுத்துட்டீங்கன்னா நேரா கலெக்டர் ஆபீஸ் மனுவோட சேர்த்துடுவேன்” என்றேன். அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். அப்புறம் உள்ளேயிருந்து ஒரு பெண் எங்கள் பச்சை ஃபைலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். டிசியின் ஓரத்தில் பஞ்ச் ஓட்டை போட்டிருந்தார்கள். மூன்றும் இருந்தன. 5,000 ரூபாய் மட்டும் வரவில்லை. அன்றைக்கு அதைப் பற்றிப் பேசக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

முதல் பட்டதாரி சான்றிதழுக்கு வேறு ஒரு இடி. நான் பி.காம். இரண்டாம் வருடத்தோடு நின்றவன். பட்டம் வாங்கவில்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று வி.ஏ.ஓ. கேட்டார். படித்த கல்லூரிக்குப் போய், இவர் படிப்பை முடிக்கவில்லை என்று எழுதி வாங்கி வந்தேன். வீட்டில் அண்ணனோ அக்காவோ பாதியில் படிப்பை விட்டிருந்தால் இந்தக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். வருமானச் சான்றிதழ் தகராறு இல்லாமல் வந்தது.

கல்லூரி விருப்பப் பட்டியல் போடும் நாளில் மழை, கரண்ட் இல்லை, எங்கள் பக்கம் சிக்னலும் இல்லை. கோத்தகிரிக்கு வந்து தெரிந்தவர் கடையில் உட்கார்ந்து போட்டோம். கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், மலையில் அது ஆகாது. ரேடியோகிராபியை முதலில் போட்டாள். கிடைத்தது பிசிஷியன் அசிஸ்டன்ட். நோயாளியிடம் விவரம் கேட்டு எழுதுவது, அறுவை சிகிச்சையில் உதவுவது, டிஸ்சார்ஜ் சம்மரி தயாரிப்பது என்று எல்லாமே மருத்துவரின் மேற்பார்வையில். தானாக மருந்து எழுத முடியாது. இதைச் சேரும் முன்பே அவளிடம் தெளிவாகச் சொன்னேன். “பரவாயில்லண்ணா, இதாவது உள்ளத உள்ளபடி சொல்றாங்களே” என்றாள்.

சேர்க்கை நாளன்று கவுன்டரில் இருந்தவர் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எண்ணினார். நான் வாயைத் திறக்கும் முன்பே, எவை எவை பெறப்பட்டன என்று வரிசையாக எழுதி, முத்திரை குத்திய தாளை நீட்டினார். பஸ்ஸில் கோத்தகிரி வரும் வரை அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைக்க மனமில்லாமல் கையிலேயே பிடித்திருந்தேன்.